அனகி அடுப்பு ரிவியூ: விறகுக்கு நல்லம் சரி, நாரிக்கு (இடுப்புக்கு)?

முதல்ல தீர்ப்பைச் சொல்லிடுறன், விளக்கம் பிறகு. அனகி எண்ட மண் விறகு அடுப்பு வாங்கலாம், நல்ல சாமான், விறகு உண்மையா மிஞ்சுது. ஆனா அதை வாங்கிக்கொண்டு வந்து நிலத்தில வச்சு பழைய மாதிரியே குந்தி இருந்து சமைக்கிறதெண்டா காசை வீணாக்காதேங்கோ, கொஞ்ச நாளில அது குசினி மூலையில கோழி முட்டையிடுற இடமா மாறும், நீங்க திரும்ப காஸ் அடுப்புக்கோ மூண்டு கல்லு அடுப்புக்கோ போயிருவீங்க. அடுப்புக்கு அஞ்சில நாலு குடுப்பன். அதை எப்படி வைக்கோணும் எண்டு ஒருத்தரும் சொல்லாம விக்கிறதுக்கு அஞ்சில ஒண்டு.

நாங்க திருகோணமலையில உப்புவெளிப் பக்கம். அம்மா வீட்டில இடியப்பம் அவிச்சு கடைகளுக்குக் குடுக்கிறவ, விடிய நாலு மணிக்கு அடுப்புப் பத்தவச்சா ஏழு மணிக்கு முன்னம் பெட்டி கட்டி முடியோணும். நான் ஒரு தொழிற்சாலையில சேஃப்டி செக்ஷனில வேலை, அங்க என்ர வேலையே ஆக்கள் எந்த உயரத்தில நிண்டு எதைத் தூக்கினம், எங்க குனியினம், எதைப் பாக்க கழுத்தைத் திருப்பினம் எண்டு பாத்து எழுதுறது. இதுக்கு பணிச்சூழலியல் எண்டு ஒரு பெரிய பேர் இருக்கு. சம்பளத்துக்கு மற்றாக்களின்ர நாரியைப் பாக்கிறவள் வீட்டில அம்மாட நாரியையும் பாக்கத்தானே வேணும், அதால இந்த ரிவியூவில அடுப்பை விட அம்மாட முழங்கால், முழங்கை, கண் எல்லாம் கூட வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அனகி தெரியாத ஆக்களுக்கு: 80களில எங்கட இலங்கையிலயே உருவாகின மண் அடுப்பு. ஒரே துண்டு, குயவர் செய்து சூளையில சுட்டு வாறது. விறகு வைக்கிற வாய் ஒண்டு, மேல ரெண்டு துவாரம், ரெண்டு சட்டி வைக்கலாம். நெருப்பு முதல் துவாரத்துக்குக் கீழ எரியும், அதில இருந்து போற சூடான காத்து உள்ளால ஒரு குழாய் மாதிரியான வழியால ரெண்டாவது சட்டிக்குப் போகும். அவ்வளவுதான் சூட்சுமம். மூண்டு கல்லில எரிக்கேக்க விறகில இருக்கிற சூட்டில பத்தில ஒண்டு, மிஞ்சினா ஒண்டரைப் பங்குதான் பானைக்குப் போகும், மிச்சம் எல்லாம் காத்துக்கும் சமைக்கிறவவின்ர முகத்துக்கும். இதில சுத்திவர மண் சுவர் இருக்கிறதால சூடு அப்படி ஓடாது. மேசன் வந்து கட்டத் தேவையில்ல, சந்தையில வாங்கி பஸ்ஸிலயே கொண்டு வரலாம், எங்கட சட்டியும் எங்கட விறகும் காணும். இது இவ்வளவு பரவினதுக்கு அதுதான் காரணம் எண்டு நான் நினைக்கிறன், ஏனெண்டா நல்ல நல்ல அடுப்பெல்லாம் புதுச் சட்டி வாங்கு, இந்த அளவு விறகுதான் வை எண்டு சொல்லியே செத்துப் போயிருக்கு.

எங்கட வீட்டில இது ஒரு கச்சான் காத்துக் காலமும் ஒரு மாரியும் கண்டிட்டுது, அதால ஓரளவு தெரிஞ்சுதான் கதைக்கிறன்.

விறகு மிச்சம் எண்டது கதை இல்ல. முந்தி ஒரு லேண்ட்மாஸ்டர் டிராக்டர் விறகு பறிச்சா முடியிற காலத்தில இப்ப மூண்டில ஒரு பங்கு கிட்ட கொட்டிலுக்க கிடக்கு. இந்த அடுப்பைப் பற்றிப் பொதுவாச் சொல்லுறதும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குத்தான். பாலை, வீரை மர விறகு எண்டா நிண்டு எரியும், தென்னம் மட்டையும் பாளையும் கெதியா முடிஞ்சிரும், சிரட்டை போட்டா சூடு ஏறுறதைப் பாக்கோணும், அம்மா தண்ணி கொதிக்கப் பிந்தினா ரெண்டு சிரட்டையைத் தள்ளிவிடுவா, அவ்வளவுதான், பொங்கும்.

ரெண்டாவது துவாரத்தைப் பற்றி ஆக்கள் குறை சொல்லுறதைக் கேட்டிருக்கன், அதில சூடு காணாது, சோறு வேகாது எண்டு. உண்மை, அதில சோறு வைக்காதேங்கோ. ஆனா இடியப்பக்காரருக்கு அந்தத் துவாரம் தங்கம். மா குழைக்க கொதி தண்ணி வேணும், அவிக்கிற பானையில தண்ணி வத்தேக்க ஊத்தவும் சுடுதண்ணி வேணும், பச்சைத் தண்ணி ஊத்தினா ஆவி நிண்டு அந்தத் தட்டு இடியப்பம் பசையாப் போயிரும். முன்னுக்கு அவியுது, பின்னுக்கு அடுத்த மாவுக்குத் தண்ணி தன்ர பாட்டில சூடாகுது, அதுக்கெண்டு ஒரு குச்சி விறகு கூட எரிக்கிறதில்ல. மத்தியானம் முன்னுக்கு சோறு, பின்னுக்கு சொதி. பால் திரையாம மெல்லமா சூடேத்த அதை விட நல்ல இடம் கிடையாது.

இப்ப குறைக்கு வருவம்.

வாய் சின்னன். பெரிய கொள்ளி போகாது. மூண்டு கல்லில எண்டா கை மொத்தத்துக்கு ஒரு கட்டையைச் செருகிப்போட்டு அம்மா முத்தம் கூட்டப் போவா, வந்து கட்டையைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளினாக் காணும். இதில ரெண்டு விரல், மூண்டு விரல் மொத்தத்துக்குப் பிளந்து வைக்கோணும், அடிக்கடி தள்ளிக்கொண்டே இருக்கோணும், இல்லாட்டி அணையும். அதாவது விறகு மிஞ்சுது, ஆனா கோடாலி வேலை கூடுது, அடுப்படியை விட்டு அரக்க ஏலாது. விறகு மிஞ்சுற கணக்கு எல்லாரும் சொல்லுவினம், பிளக்கிற கையின்ர கணக்கை ஒருத்தரும் எழுதுறதில்ல. எங்கட வீட்டில தம்பி ஞாயிற்றுக்கிழமை பிளந்து அடுக்குறான், அதால ஓடுது. பிளக்க ஆளில்லாத வீட்டில, வயசான ஆக்கள் தனிய இருக்கிற வீட்டில, இந்த அடுப்பு பெரிய உபகாரம் எண்டு என்னால சொல்ல ஏலாது. விறகு விக்கிற இடத்திலயே பிளந்த கட்டா கிடைச்சா வேற கதை, கொஞ்சம் கூடக் குடுத்தாலும் அப்படி வாங்குங்கோ.

அடுத்தது குந்துறது. இதுதான் என்ர பெரிய முறைப்பாடு. அடுப்பு உயரம் ஒரு சாண் போல, எங்கட அளவில 20 செ.மீ. நிலத்தில வச்சா சமைக்கிறவ பலகைக்கட்டையில இருக்கோணும் இல்லாட்டி குந்தி இருக்கோணும், முழங்கால் முழுசா மடிஞ்சு, நாரி வளைஞ்சு, நெருப்பைப் பாக்க முகம் அடுப்பு வாய்க்கு நேர. எங்கட ஆக்களுக்குக் குந்துறது பழக்கம்தானே எண்டு சொல்லுறவை இருக்கினம். பழக்கம்தான். ஆனா வருசக்கணக்கா நாளைக்குப் பலமுறை முழங்காலை முழுசா மடக்கி வேலை செய்யிறாக்களுக்கு மூட்டுத் தேய்மானம் கூட வருது எண்டது மருத்துவத்தில நல்லாத் தெரிஞ்ச விசயம். அம்மா இடியப்பம் அவிக்கேக்க குந்துறது மட்டுமில்ல, எழும்பி மா எடுக்க, திரும்பக் குந்த, எழும்பித் தட்டுக் கொட்ட, திரும்பக் குந்த. ஒவ்வொரு எழும்பலுக்கும் ஒரு “அம்மாளாச்சி”. வயசு போன ஆக்கள் விறகு அடுப்பை விட்டு காஸுக்குப் போறதுக்கு புகை காரணம் எண்டு நினைக்கிறம், எங்கட ஒழுங்கையில கேட்டா பாதிப் பேர் சொல்லுறது முழங்காலைத்தான்.

சரி, உயர்த்தி வைப்பம் எண்டு எல்லாருக்கும் தோணும். அங்கதான் அடுத்த கூத்து. எங்கட மாமி வீட்டில மேசன் பாஸைக் கூப்பிட்டு மேடை கட்டுவிச்சா. பாஸுக்கு மேடை எண்டா 3 அடிதான், காஸ் குக்கர் வைக்கிற மேடை அளவு, கேள்வி ஒண்டும் கிடையாது, கட்டிட்டுப் போயிட்டார். அதுக்கு மேல அனகியை வச்சு அதுக்கு மேல சோத்துப் பானையை வச்சா என்ன நடக்கும் எண்டு கணக்குப் பாருங்கோ: 3 அடி எண்டா 91 செ.மீ., அடுப்பு 20, பானை அடுப்புக்கு மேல ஒரு 17, எல்லாம் சேத்து 128. மாமி 5 அடிக்குக் கொஞ்சம் குறைவு. பானை விளிம்பு அவவின்ர தோளுக்கு மேல! சோறு வெந்திட்டுதோ எண்டு பாக்க குதியை உயர்த்தி எட்டிப் பாக்கிறா, அகப்பை பிடிக்கிற கை தோளுக்கு மேல தூக்கிக்கொண்டு நிக்குது, கஞ்சி வடிக்க அந்த உயரத்தில இருந்து கொதிக்கிற பானையை இறக்கோணும், ஆவி நேர முகத்தில. நாரிக்கு நல்லம் எண்டு கட்டினது தோளுக்கும் கைக்கும் ஆபத்தா முடிஞ்சுது. இப்ப அந்த மேடையில மாமி மிக்ஸி வச்சிருக்கிறா, அனகி வெளிய நிலத்தில. உண்மையில 5 அடி ஆளுக்கு காஸ் குக்கர் வைக்கவே அந்த 3 அடி கூட, ஆனா அதை எல்லாரும் சகிச்சுக்கொண்டு போயினம்.

நாங்க கட்டின முறை சொல்லுறன், இது எங்கயும் எழுதி வச்சு விக்கிற ரகசியம் இல்ல, வேலைத்தளங்களில மேசை உயரம் பாக்கிற அதே விதிதான். நிமிந்து நிண்டு முழங்கையை மடக்குங்கோ, நிலத்தில இருந்து முழங்கை எவ்வளவு உயரம் எண்டு அளவுங்கோ. சாதாரண கை வேலைக்கு, அதாவது கிண்டுறது, கிளறுறது, எடுத்து வைக்கிறது, கை வேலை செய்யிற உயரம் முழங்கைக்கு 10 இல இருந்து 15 செ.மீ. கீழ இருக்கோணும். அமத்திச் செய்யிற பார வேலைக்கு இன்னும் கீழ, 15 இல இருந்து 40 வரைக்கும், ஏனெண்டா அப்ப உடம்புப் பாரத்தைப் போட்டு அமத்தலாம், கையால மட்டும் மல்லுக்கட்டத் தேவையில்ல. அம்மாட முழங்கை 94. அப்ப பானை விளிம்பு 79 இல இருந்து 84க்குள்ள வரோணும். அதில அடுப்பு 20உம் பானை 17உம் கழிச்சா மேடை 42 இல இருந்து 47. நாங்க 45 வச்சம், ஒண்டரை அடி. இடியப்பப் பானை கொஞ்சம் உயரம், அதை வச்சா விளிம்பு 90க்குக் கிட்ட வரும், முழங்கையை விடக் கீழதான், அம்மா ஒண்டும் சொல்லேல்ல.

பாஸ் நம்பேல்ல, “தங்கச்சி, இது கட்டில் உயரம், அடுப்பு மேடை இல்ல” எண்டார். நான் அடுப்பையும் பானையையும் ரெண்டு கல்லுக்கு மேல வச்சு அம்மாவைக் கூப்பிட்டு அகப்பையைக் கையில குடுத்துக் காட்டின பிறகுதான் நூல் பிடிச்சார். இன்னொரு சின்ன விசயம், மேடையின்ர அடியில கால் விரல் போக ஒரு குழிவு விடச் சொல்லுங்கோ, 10 செ.மீ. ஆழம் காணும். அது இல்லாட்டி கால் விரல் சுவரில முட்டும், நீங்க ஒரு அடி தள்ளி நிக்கோணும், ஒரு அடி தள்ளி நிண்டா கட்டாயம் குனிவீங்க. மேடை உயரம் சரியா இருந்தும் நாரி உளையுது எண்டு சொல்லுற வீடுகளில முதல்ல நான் பாக்கிறது இதைத்தான்.

இந்த உயரத்தில இன்னொரு லாபம் நாங்க யோசிக்காமலே வந்தது. நெருப்பு வாய் இப்ப கதிரை உயரத்துக்கு வந்திட்டுது, அதால விறகு தள்ளுற நேரம் அம்மா கதிரையில இருக்கிறா, கிண்டுற நேரம் எழும்புறா. கதிரையில இருந்து எழும்புறது குந்தி எழும்புற மாதிரி இல்ல. இருக்கிறதும் நிக்கிறதும் மாறி மாறி வாறதுதான் உடம்புக்கு எல்லாத்தையும் விட நல்லது, நாள் முழுக்க நிண்டாலும் கால் வீங்கும். இடியப்ப உரல் அமத்துற மேசையையும் வெட்டிக் குறைச்சம், இப்ப அம்மா உடம்பைச் சாய்ச்சு அமத்துறா, முந்தி இருந்த மணிக்கட்டு நோ குறைஞ்சிட்டுது எண்டு அவவே சொல்லுறா. சொல்லுறது மட்டும்தான், ஓய்வெடுக்கச் சொன்னாக் கேக்க மாட்டா.

புகை. இதில நான் ஒளிக்காமச் சொல்லோணும், ஏனெண்டா விக்கிற ஆக்கள் “புகையில்லா அடுப்பு” எண்டும் சொல்லி விக்கினம். இது புகையில்லா அடுப்பு இல்ல. புகை குறைஞ்ச அடுப்பு, அதுவும் விறகு காஞ்சிருந்தா மட்டும். புகைக்கூடு இதோட வாறதில்ல, புகை வீட்டுக்குள்ளதான் வரும். வீட்டுக்குள்ள எரிக்கிற புகையால 2020ல உலகம் முழுக்க 32 இலட்சம் பேர் செத்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது, அதில 5 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகள் மட்டும் 2 இலட்சத்துக்கு மேல. அடுப்பு வாய்க்குக் கிட்ட முகம் வச்சு ஊதாங்குழல் ஊதுற ஒவ்வொரு அம்மாவும் மடியில பிள்ளையை வச்சிருக்கிற ஒவ்வொரு அம்மாவும் அதுக்குள்ளதான் வருவா. அதால புகைக்கூடு இல்லாம உள்ளுக்கு வைக்கிறதெண்டா நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்.

எங்கட ஊருக்கு இன்னொரு பிரச்சினை காத்து. வைகாசி முடிய கச்சான் தொடங்கினா மேற்கால சூடா அடிக்கும், மாரியில வாடை வட கிழக்கால ஈரத்தோட வரும். அடுப்பு வாயை எந்தப் பக்கம் திருப்புறது எண்டது சாதாரண கேள்வி இல்ல. கச்சானுக்கு நேர வாய் இருந்தா நெருப்பு பறக்கும், விறகு குடிக்கும், மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிரும். வாடைக்கு நேர இருந்தா மழைத்தூறல் உள்ளுக்கு வரும். நாங்க வாயைத் தெற்குப் பக்கம் வச்சு, ரெண்டு பக்கமும் சுவர் மேல கூரைக்குக் கீழ இடைவெளி விட்டம், புகைக்கூடு கூரை முகட்டை விட உயரமாப் போகுது. முகட்டுக்குக் கீழ நிப்பாட்டினா காத்து புகையைத் திரும்ப உள்ளுக்குத் தள்ளிவிடும், அப்படிக் கட்டின புகைக்கூட்டையும் கண்டிருக்கிறன், அழகா இருக்கும், புகை போகாது. மாரிக்கு முன்னம், புரட்டாசி முடியிறதுக்குள்ள, மாரி முழுக்கத் தேவையான விறகை அடுக்கி மூடிடோணும். பச்சை விறகில பாதிப் பாரம் தண்ணிதான், அதை எரிக்கிறதெண்டா முதல்ல அந்தத் தண்ணியைக் காய்ச்சுறதுக்கே உங்கட சூடு போகும், மிச்சம் புகை. எந்த அடுப்பும் ஈர விறகில தோத்துரும்.

இவ்வளவு நேரமும் முழங்கை அளவு கதைச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. இந்தியாவில 80களில தொடங்கி 2002 வரைக்கும் அரசாங்கம் புகை குறைஞ்ச அடுப்புகளைக் கோடிக்கணக்கில குடுத்தது. எத்தினை அடுப்பு குடுத்தம் எண்ட கணக்கு இருந்தது, எத்தினை இன்னும் எரியுது எண்டு தேடினா கவலைதான். பிறகு ஒடிசாவில எஸ்தர் டுஃப்லோவும் வேற ரெண்டு பேரும் சேந்து நாலு வருசம் பின்தொடர்ந்து பாத்த ஒரு ஆய்வு இருக்கு, டுஃப்லோ எண்டா 2019ல பொருளாதாரத்துக்கு நோபல் எடுத்த அதே ஆள்தான். ஆய்வுகூடத்தில நல்லா வேலை செய்த அடுப்பை வீடுகளில வச்சுப் பாத்தா முதல் வருசம் சமைக்கிறவவின்ர மூச்சுக்குப் போற புகை குறைஞ்சது, அதுக்குப் பிறகு ஒரு மாற்றமும் இல்ல, விறகும் மிஞ்சேல்ல. ஆக்கள் ஒழுங்காப் பாவிக்கேல்ல, வெடிப்பு வந்தாப் பூசேல்ல, புகைக்கூடு துப்பரவாக்கேல்ல, மெல்ல மெல்லப் பழைய அடுப்புக்குப் போயிட்டினம். இதை வாசிச்சிட்டு சனத்துக்கு விளக்கம் காணாது எண்டு சொல்லுற ஆக்கள்ல எனக்குச் சரியான கோபம் வரும். எங்கட தொழிற்சாலையில ஒரு மெஷினை பத்தில எட்டுப் பேர் பாவிக்காம விட்டா நாங்க மெஷினைத்தான் சந்தேகப்படுவம். அடுப்பு எண்டு வந்தா மட்டும் பொம்பிளையளைச் சந்தேகப்படுறது என்ன நியாயம்?

சர்வதேச பணிச்சூழலியல் சங்கம் எண்டு 1959 இல இருந்து ஒரு சங்கம் இருக்கு, அதுக்குள்ள நிலைபேறான அபிவிருத்திக்கெண்டே ஒரு குழுவும் இருக்கு. அவங்க சொல்லுறதை எங்கட குசினிக்குக் கொண்டு வந்தா இவ்வளவுதான்: காட்டைக் காப்பாத்துற சாமான் அதைப் பாவிக்கிற ஆளின்ர உடம்பைத் தின்னக்கூடாது, தின்னுற சாமானை ஆக்கள் கைவிடுவினம், கைவிட்டா காடும் மிஞ்சாது. 2015ல ஐக்கிய நாடுகள் சபை போட்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள்ல ஏழாவது எரிசக்தி, மூண்டாவது சுகாதாரம், அஞ்சாவது பெண்கள், பதினைஞ்சாவது காடு. கலர் கலராப் பெட்டி போட்டு அலுவலகச் சுவர்களில ஒட்டியிருக்கும், பாத்திருப்பீங்க. அந்த நாலு பெட்டியும் ஒரே அடுப்படியிலதான் இருக்கு, ஆனா அடுப்பு குடுக்கிற திட்டத்தில அளவு நாடாவோட வாற ஒரு ஆளை நான் இன்னும் காணேல்ல. 45 செ.மீ. மேடைக்கு ஆகுற கல்லும் சீமெந்தும் பெரிய செலவா? இல்ல. அடுப்போட சேத்து ஒரு துண்டுப் பேப்பரில “முழங்கையை அளந்து இவ்வளவைக் கழிச்சு மேடை கட்டுங்கோ” எண்டு படத்தோட போட்டாலே பாதி வேலை முடிஞ்சிது.

காஸ் நல்லமா இது நல்லமா எண்டு கேப்பீங்க. புகையைப் பாத்தா காஸ்தான் நல்லம், அதில வாதம் இல்ல. ஆனா 2022 பொருளாதார நெருக்கடி ஒருத்தருக்கும் மறந்திருக்காது, 12.5 கிலோ சிலிண்டர் அந்த ஏப்ரலில 2,675 ரூபாயில இருந்து 4,860க்கு ஏறினது, ஏறினதும் கிடைக்கேல்ல, வெறும் சிலிண்டரை ரோட்டில வரிசைக்கு வச்சு சங்கிலி போட்டுக் கட்டினம், அந்த வருசம் மாடி வீட்டுக்காரரும் விறகு தேடினவை. அதுக்கு முன்னமும் நாட்டில பாதிக்கு மேல வீடுகளில விறகுதான் எரிஞ்சது. அதால விறகு அடுப்பு ஏழையின்ர பழைய சாமான், நாளைக்கு இல்லாமப் போயிரும் எண்டு நினைச்சுக் கொண்டு அதைச் சீராக்காம விடுறது எனக்குச் சரியாத் தெரியேல்ல. எங்கட வீட்டில ரெண்டும் இருக்கு, ராவில தேத்தண்ணிக்கும் அவசரத்துக்கும் காஸ், இடியப்பத்துக்கும் சோத்துக்கும் அனகி.

சாமானில உள்ள மற்றக் குறைகள் கெதியாச் சொல்லிடுறன். ரெண்டு துவாரத்துக்கும் நடுவில இருக்கிற பாலம் மாதிரியான இடத்திலதான் வெடிப்பு முதல்ல வரும், பால் பொங்கி ஊத்துண்டா, சூட்டில தண்ணி பட்டா இன்னும் கெதியா. சுத்திவர களிமண்ணும் உமியும் குழைச்சு மொத்தமாப் பூசினா நிண்டு பிடிக்கும், சூடும் வெளிய போகாது, பிள்ளைகள் தொட்டாலும் தோல் கழண்டு வராது. உமி தம்பலகாமப் பக்கம் ஆலைகள்ல கிடைக்கும். பூசாம வெறும் அடுப்பாப் பாவிக்கிற வீடுகளில கெதியா மாத்த வேண்டி வருது. அடி உருண்ட அலுமினியச் சட்டி ஆடும், மண்சட்டி வடிவா இருக்கும். பெரிய சட்டி, அதாவது கலியாண வீட்டு அளவு, இதுக்கு ஏலாது, ஆறு பேர் வீட்டுக்கு அளவான அடுப்பு இது. சாம்பல் வாய்க்குள்ள சேந்தா காத்து அடைபடும், நாளுக்கு ஒருக்கா வழிச்சு எடுக்கோணும், அந்தச் சாம்பலில மீன் கழுவலாம், மிச்சத்தை முருங்கைக்குப் போடுங்கோ.

வாங்கின கடை: கண்டி ரோட்டுப் பக்கம் சட்டி பானை அடுக்கி விக்கிற ஒரு சின்னக் கொட்டில், பேர்ப்பலகை கிடையாது. அந்த அண்ணை பண்பான ஆள், அவசரப்படுத்த மாட்டார், உடைஞ்சதை ஒட்டி விக்கிற பழக்கம் இல்ல. விலை இடத்துக்கு இடம் மாறும், ஒரு சிலிண்டர் நிரப்புற காசுக்கு ரெண்டு மூண்டு அடுப்பு எடுக்கலாம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. எடுக்கேக்க விரலால தட்டிப் பாருங்கோ, கணீர் எண்டு கேக்கோணும், சத்தம் செத்துக் கேட்டா உள்ளுக்கு வெடிப்பு இருக்கு. வாய்க்குள்ள கை விட்டு ரெண்டாவது துவாரத்துக்குப் போற வழி அடைபடாம இருக்கோ எண்டு பாருங்கோ, சிலதில சுடேக்க மண் இறங்கி பாதி மூடியிருக்கும், வெளிய இருந்து தெரியாது. வீட்டில பாவிக்கிற சட்டியையும் கையோட கொண்டு போங்கோ, வெக்கப்படாதேங்கோ, துவாரத்தில வச்சு ஆடுதோ எண்டு கடையிலயே பாத்திடலாம். கொண்டு வந்த உடன பெருநெருப்பு மூட்டாதேங்கோ, முதல் நாள் சின்னச் சுள்ளிகளால மெல்லமாச் சூடேத்தி ஆறவிடுங்கோ. மேடை கட்டுறதெண்டா அடுப்பையும் பானையையும் வாங்கி வச்ச பிறகுதான் பாஸைக் கூப்பிடுங்கோ, அவர் வாற நேரம் சமைக்கிற ஆள் வீட்டில நிக்கோணும், செருப்பில்லாம.